காற்றுவழிச் சராசரியா, விரிவழுத்தமா?

> உயர் அதிர்வெண் அலைவுச் சுவாசத்தில் (நுரையீரலை விரித்து வைத்தபடி, நொடிக்குப் பலமுறை சிறு அலைவுகளாகக் காற்றைச் செலுத்தும் கருவிச் சுவாசம்) ‘மீன் ஏர்வே பிரஷர்’ என்பதை ‘விரிவழுத்தம்’ என்றும், அதை மையமாக வைத்து ஏறியிறங்கும் ‘ஆம்ப்ளிட்யூட்’ என்பதை ‘வீச்சு’ என்றும் சொல்லலாமா? முன்னது நுரையீரலை விரித்து வைக்கிறது, சொல்லும் சின்னது.

வணக்கம். காரணப்பெயராக விரிவழுத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரத்த அழுத்தத்தின் கீழெண்ணை ‘இதய விரிவழுத்தம்’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம். ஒரே கட்டிலருகே, ஒரே குறிப்புத்தாளில் இரண்டும் வரும். ஒன்று பாதரச மில்லிமீட்டரில், மற்றது நீர் சென்டிமீட்டரில். பச்சிளங்குழந்தையின் தாளில் ‘விரிவழுத்தம் 20’ என்றிருந்தால் எதைப் பிடித்துக்கொள்வது? ‘எம்.ஏ.பி.’ என்ற சுருக்கத்திலும் இதே வம்புதான். தமனியின் சராசரி அழுத்தத்துக்கும் அதே மூன்றெழுத்து. தமிழிலும் அதை இழுத்துவிட வேண்டாம்.

‘சராசரி காற்றுவழி அழுத்தம்’ முழுப்பெயராக இருக்கட்டும். புழக்கத்துக்கு இடத்தை முன்னால் போட்டுக் ‘காற்றுவழிச் சராசரி’ எனலாம். ‘தமனிச் சராசரி’யோடு குழம்பாது. நுண்ணறை, அதாவது நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பை: அதற்கு ‘நுண்ணறைச் சராசரி’ என்ற சொல்லும் கூடவே கிடைக்கிறது. அது தேவை. உள்மூச்சும் வெளிமூச்சும் சம நேரம் என்றால் கருவி காட்டும் எண்ணும் நுண்ணறைக்குள் உள்ள அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றே. 1:2 என வைத்தால் உள்மூச்சு வேகமாகப் பாய்ந்து, தொண்டை வழியே செருகிய சுவாசக் குழாயில் அதிக அழுத்தத்தை இழக்கும். நுண்ணறைச் சராசரி சற்றே தாழும்.

‘வீச்சு’ கூடாது. இயற்பியலில் வீச்சு என்றால் நடுநிலையிலிருந்து முகடு வரைக்கும்தான். கருவி காட்டுவதோ முகட்டுக்கும் அகட்டுக்கும் உள்ள முழு வேறுபாடு. பள்ளியில் படித்த பொருளில் எடுத்துக்கொண்டால் 30 என்ற எண் 60 ஆகிவிடும். ‘அலைவழுத்தம்’ என்று வைத்து, ‘முகடு கழித்தல் அகடு’ என வரையறையில் எழுதிவிடலாம்.

> இலங்கைப் பாடநூல்களில் அமுக்கம், மீடிறன், வீச்சம் என்றே படித்திருக்கிறோம். ‘இடை அமுக்கம்’ என்றால் இங்கே உடனே விளங்கும்.

விளங்கும். ஆனால் தமிழ்நாட்டு மாணவருக்கு ‘இடைநிலை’ என்பது வரிசையின் நடு எண். ‘இடை’யைக் கண்டதும் அங்கேதான் போவார். ‘சராசரி’ இரு கரையிலும் ஒன்றே. அமுக்கம், மீடிறன் இரண்டையும் சொல்லடைவில் இணைச்சொற்களாகத் தந்துவிடலாம்.

> இரண்டும் அழுத்தம்தானே? இவ்வளவு பிரிப்பானேன்?

வேலை வேறு என்பதால். ஆக்சிஜன் காற்றுவழிச் சராசரியின் கணக்கு: மூடிய நுண்ணறைகளைத் திறந்து, மறுபடி மூடாமல் நிறுத்துகிறது. கார்பன் டைஆக்சைடு அலைவழுத்தத்தின் கணக்கு. ஒவ்வோர் அலைவிலும் உள்ளே போவது கிலோவுக்கு 2 மி.லி. அளவுதான். இதுவே அலைவுக் கொள்ளளவு. வெளியேற்றம் ஏறத்தாழ அதிர்வெண் × அலைவுக் கொள்ளளவின் இருமடி. அதனால்தான் புதியவர்கள் தலைகீழாகச் செய்யும் தவறு: கார்பன் டைஆக்சைடு ஏறியதும் ஹெர்ட்ஸைக் கூட்டுகிறார்கள். கூட்டினால் ஒவ்வோர் அலைவுக்கும் நேரம் சுருங்கும், கொள்ளளவு குறையும், வாயு இன்னும் தேங்கும். முதலில் அலைவழுத்தத்தைக் கூட்டி, போதாவிட்டால் 10 ஹெர்ட்ஸை 9, 8 எனக் குறைக்க வேண்டும். அதற்கும் முன்னால் குழாயைப் பாருங்கள். 2.5 மி.மீ. குழாயில் கொஞ்சம் சளி அடைத்தாலே மார்பின் அதிர்வு மங்கிவிடும். திரையில் அலைவழுத்தம் மாறாமலேயே இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அதிர்ந்தால், குழாய் வலது மூச்சுக்கிளைக்குள் இறங்கியிருக்கிறதா, நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சராசரியும் ஒரு எல்லைக்குள்தான். மீறினால் உப்பிய நுண்ணறைகள் பக்கத்து இரத்த நுண்குழாய்களை நசுக்கும், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். ஆக்சிஜன் இறங்கும், கார்பன் டைஆக்சைடும் ஏறும். அதைப் பார்த்து இன்னும் கூட்டினால் கெட்டது. ஊடுகதிர்ப் படத்தில் உதரவிதானம் 9ஆம் பின்விலா எலும்புக்குக் கீழே தட்டையாகத் தெரிந்தால் குறைக்க வேண்டிய நேரம். பெரியவர்களுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு: 2013இல் வெளியான ‘ஆசிலேட்’ ஆய்வில், உயர்ந்த சராசரியோடு அலைவுச் சுவாசம் பெற்றவர்களில் 47 விழுக்காட்டினர் மருத்துவமனையில் இறந்தனர், வழக்கமான கருவியில் 35.

> ‘ரெக்ரூட்மென்ட்’டுக்கு ‘நுண்ணறைச் சேர்ப்பு’?

படைக்கு ஆளெடுப்பது போல இருக்கிறது. நடப்பது திறப்பது, ‘நுண்ணறைத் திறப்பு’ போதும். எதிர்ச்சொல்லாக ‘நுண்ணறை மூடல்’. கையேட்டு வாசகத்தில் வைத்துப் பார்ப்போம்:

“வழக்கமான கருவியில் இருந்ததைவிடக் காற்றுவழிச் சராசரியை 2 செ.மீ. (நீர்) கூட்டித் தொடங்குக. செலுத்தும் காற்றில் ஆக்சிஜன் தேவை 30 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை சில நிமிட இடைவெளியில் 1 முதல் 2 செ.மீ. ஏற்றுக. பிறகு படிப்படியாக இறக்குக. தேவை மீண்டும் ஏறும் புள்ளியே மூடல் அழுத்தம். மறுபடி திறந்துவிட்டு, அதற்கு 2 செ.மீ. மேலே நிறுத்துக. சளி உறிஞ்சுவதற்காகக் குழாயைக் கருவியிலிருந்து கழற்ற வேண்டாம். கழற்றினால் சராசரி சுழியாகும், திறந்ததெல்லாம் மூடும்.”

‘மூடல் அழுத்தம்’ என்பதற்கு வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். எனக்கு அதில் இன்னும் அரைமனதுதான்.