கவுண்ட்டவுன்ல எட்டு ஜெயிச்சவன் கெட்டிக்காரனா, மனப்பாடக்காரனா?

சேலம்_பாபு:
எனக்கு நைட் ஷிஃப்ட். மத்தியானம் பிரிட்டன் சேனல் 4ல கவுண்ட்டவுன், அந்த எழுத்து-நம்பர் போட்டி, போடுறப்பதான் எனக்கு காலை டிபன், பத்து வருசமா இதான் பழக்கம். போன ரெண்டு வாரமா ஒரு பையன் வந்தான், எட்டு கேமும் ஜெயிச்சு ஆக்டோசாம்ப் ஆயிட்டு போயிட்டான். நல்லா ஆடுனான், இல்லேங்கல. ஆனா எனக்கு சுத்தமா சப்புன்னு போச்சு. எதிர்ல ஒரு ரிட்டயர்டு நர்ஸ் அம்மா, ஆசை ஆசையா ஆறெழுத்து வார்த்தை ஒண்ணு சொல்றாங்க, இவன் மூஞ்சில ஒரு அசைவும் இல்லாம "எட்டு"ங்குறான். அடுத்த ரவுண்டும் அதே. கடைசி ரவுண்டு, கனன்ட்ரம், வரும்போது அறுபது பாயின்ட் வித்தியாசம், அதுக்கு மேல அந்தம்மா பட்டன அமுக்குனா என்ன அமுக்காட்டி என்ன? இவனுங்கல்லாம் வீட்ல உக்காந்து வெப்சைட்ல ஆயிரக்கணக்குல கேம் ஆடிட்டு வர்றவனுங்க. எழுத்தப் பாத்து யோசிக்கறதே இல்ல, ஏற்கனவே முழுங்கினத வாந்தி எடுக்குறானுங்க. இதுக்குப் பேரு திறமையா?

ஒன்பதெழுத்து:
ஆரம்பிச்சுட்டாருப்பா. பாபு அண்ணே, ப்ராக்டீஸ் பண்ணிட்டு வர்றது என்ன குத்தமா? கச்சேரிக்கு சாதகம் பண்ணாம வந்தவர் பாட்டுதான் உண்மையான பாட்டும்பீங்க போலருக்கு. நீங்க சொல்ற சைட் ஆப்டரஸ், அந்த ஷோவுல ஆடுன ஒருத்தரே எழுதினது, யார் வேணா போய் ஆடலாம். இன்னொண்ணு தெரியுமா, ஒரே நாள்ல அஞ்சு எபிசோட் ஷூட் பண்றாங்க. நீங்க திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் தோசை சாப்ட்டுக்கிட்டே பாக்குறது அவனுக்கு ஒரே நாளு, சட்டை மட்டும்தான் மாறும். கேமுக்கு 15 ரவுண்டு, அஞ்சு கேமுக்கு 75 ரவுண்டு, ஒவ்வொண்ணுக்கும் 30 செகண்ட் கடிகாரம் ஓடும். சாயங்காலம் மூளை பஞ்சு மாதிரி ஆயிருக்கும். அதுலயும் எட்டெழுத்து கண்ணுல படுதுன்னா மனப்பாடம் மட்டும் காப்பாத்தாது.

சும்மா_படிக்கிறவன்:
நான் சென்னைல இருக்கேன், இந்த ஷோவே பாத்ததில்ல. ரூல் என்னன்னு யாராச்சும் ரெண்டு வரில சொல்லிட்டு அப்புறமா சண்டை போடுங்களேன்

வாய்ப்பாடு_வாத்தியார்:
தம்பி, 1982 நவம்பர் 2ஆம் தேதி சேனல் 4 ஆரம்பிச்ச அன்னிக்கு போட்ட முதல் நிகழ்ச்சியே இதுதான், மூலம் பிரெஞ்சு டிவியோடது. ஒன்பது எழுத்து வரும், 30 செகண்ட்ல இருக்கறதுலயே நீளமான வார்த்தை கண்டுபிடிக்கணும். எத்தன எழுத்தோ அத்தன பாயின்ட், ஒன்பதும் போட்டா மட்டும் டபுளா 18. நம்பர் ரவுண்டுல ஆறு எண், மூணு இலக்கத்துல ஒரு டார்கெட், கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல்ல கொண்டுவரணும், ஒரு எண்ண ஒரு தடவதான் தொடலாம். சரியா வந்தா 10, அஞ்சுக்குள்ள விட்டா 7, பத்துக்குள்ள 5. கடைசியா கலைச்சுப் போட்ட ஒன்பதெழுத்து வார்த்தை, அதான் கனன்ட்ரம், முதல்ல பட்டன் அமுக்கி சரியா சொன்னவருக்கு 10. ஜெயிச்சவர் நாளைக்கும் வருவார். எட்டு ஜெயிச்சா ஓய்வு, அப்புறம் சீரிஸ் கடைசில டாப் எட்டு பேருக்கு நாக்அவுட்.

இப்ப பாபு விசயத்துக்கு வர்றேன். 1997ல ஜேம்ஸ் மார்ட்டின்னு ஒருத்தர் ஆடினார், வீடியோ இன்னிக்கும் சுத்திக்கிட்டு இருக்கு. பெரிய நம்பர் நாலும் கேட்டு வாங்கினார். 25, 50, 75, 100, கூட 3, 6. டார்கெட் 952. மனுசன் 100+6=106ங்கறார், 3ஆல பெருக்கி 318ங்கறார், சரி, அப்புறம் அத 75ஆல பெருக்குங்கங்கறார். 952க்குப் போக வேண்டியவர் இருபத்தி மூவாயிரத்துக்கு ஏன் போறார்னு சிரிப்பு வரும் நமக்கு. 23850. 50 கழிச்சா 23800. 25ஆல வகுத்தா 952. பேனாவ கீழ வெச்சுட்டு நல்லா பாருங்க: 75ஐ 25ஆல வகுத்தா 3, கைல ஏற்கனவே ஒரு 3, ஆக ஒன்பது மடங்கு, 106×9=954. ரெண்டு ஜாஸ்தி. 50ஐ 25ஆல வகுத்தா அந்த ரெண்டு கிடைக்கும், ஆனா 25 ஒண்ணுதான இருக்கு? அதனால வகுக்கறத கடைசிக்குத் தள்ளி ரெண்டு வேலையயும் ஒரே 25ல முடிச்சுட்டார். இத எந்த சைட்ல மனப்பாடம் பண்ணுவீங்க?

சேலம்_பாபு:
வாத்தியாரே நீங்க என் பக்கம்தான் பேசிருக்கீங்க, உங்களுக்கே தெரியல. 97ல ஏது சைட்டு? அவர் அந்த நிமிசத்துல யோசிச்சார். எனக்கு வேண்டியது அதுதான். இப்ப வர்ற பசங்க அந்த மாதிரி நம்பரயே ஆயிரம் தடவ போட்டு உருட்டிட்டு வந்து "ஆமா இது பழைய ட்ரிக்கு"ன்னு அசால்ட்டா சொல்லுவானுங்க.

அதோட இன்னொரு உதாரணம், நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூசிலாந்துக்காரர், மலேசியால இருக்கார், ஸ்கிராபிள்ல, அதான் பலகைல எழுத்துக் கட்டைய வெச்சு வார்த்தை கட்டுற ஆட்டம், உலக சாம்பியன் ஆனவர். 2015ல பிரெஞ்சு ஸ்கிராபிள்ல சாம்பியன் ஆனார், அவருக்கு பிரெஞ்சு பேசத் தெரியாது! 2024ல ஸ்பானிஷ்லயும் அதே கதை. அகராதிய அப்படியே தலைக்குள்ள ஏத்திக்கிட்டார். மொழி தெரியாமலே மொழி விளையாட்டுல ஜெயிக்கலாம்னா அது வார்த்தை விளையாட்டா, மெமரி கார்டா?

ஒன்பதெழுத்து:
மெமரி கார்டு 😂 அண்ணே அவர் பண்ணது உலகத்துல வேற யாரும் பண்ணாத காரியம், அதப்போய் சுலபம்ங்கற மாதிரி பேசுறீங்க. கோடிக்கணக்கான பேர் பிரெஞ்சு பேசுறாங்க, அத்தன பேரும் சாம்பியனா? பலகைல எங்க வைக்கணும், எந்த எழுத்த கைல மிச்சம் புடிக்கணும்னு எத்தன கணக்கு இருக்கு. சரி அது ஸ்கிராபிள், விடுங்க. கவுண்ட்டவுன்ல ஸ்கிராபிள் வார்த்தை லிஸ்ட்டே செல்லாது, அங்க ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி. ஸ்கிராபிள்காரங்க பழக்கதோசத்துல ஒரு வார்த்தைய சொல்லிப்புட்டு, ஷோவுல அகராதி பாக்குற சூசி டென்ட் புரட்டிப் பாத்து "இல்லீங்க"ன்னதும் முகம் தொங்கிப்போய் உக்காந்திருக்கறத நானே எத்தனையோ தடவ பாத்திருக்கேன்.

அந்தக் காலத்துல அப்பாவி ஜனங்க ஆடுனாங்க, இப்ப ப்ரொஃபசனல் வந்து கெடுத்துட்டாங்கன்னு சொல்றீங்கள்ல? முதல் சீரிஸ் சாம்பியன் யாருன்னு தெரியுமா? ஜாய்ஸ் கேன்ஸ்ஃபீல்ட். குறுக்கெழுத்து புதிர் தயாரிக்கறது அவங்க வேலை, 1976ல பிரிட்டன் ஸ்கிராபிள் சாம்பியன். அதாவது முதல் நாள்ல இருந்தே வார்த்தைலயே முழிச்சு வார்த்தைலயே தூங்குனவங்கதான் ஜெயிச்சிருக்காங்க. நீங்க சொல்ற பொற்காலம் எந்த சேனல்ல ஓடுச்சு?

சேலம்_பாபு:
அது தெரியாது எனக்கு. ஒத்துக்கறேன். ஆனாலும் ஒரு கேன்ஸ்ஃபீல்ட் அம்மா வர்றதுக்கும் மாசத்துக்கு ஒருத்தன் வர்றதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:
நான் இவ்வளவு நேரமும் சும்மா வாசிச்சுக்கொண்டு இருந்தனான், இப்ப எழுதாமல் இருக்கேலாது. எங்கட மாமி யாழ்ப்பாணத்தில இருந்து வரேக்க அவவுக்கு இங்கிலீஷ் பெரிசாத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சது இந்தப் புரோகிராம் பாத்துத்தான். வாற பில்லுகள் ஒண்டையும் எறிய விடமாட்டா, பின்பக்கத்தில பென்சிலால அந்த ஒன்பது எழுத்தையும் வட்டமா எழுதுவா. வரிசையா எழுதினா கண் அந்த வரிசையிலயே நிண்டிடுமாம். எஸ் வந்தா அதைத் தனிய ஒரு மூலையில ஒதுக்கி வைப்பா, கடைசியில ஒட்டலாம் எண்டு. இதை ஒருத்தரும் அவவுக்குச் சொல்லிக் குடுக்கேல்ல. இப்ப எழுபத்தெட்டு வயசு, அஞ்செழுத்து வந்தாலே அண்டைக்குத் தேத்தண்ணிக்கு ரெண்டு சீனி கூட.

பாபு தம்பி சொன்ன அந்தப் பெடியனையும் பாத்தவ. அவன் எட்டு எண்டு சொன்னா அவவுக்குக் கோவம் வாறேல்ல. அந்தச் சொல்லை டக்கெண்டு எழுதி வைச்சு, பிறகு என்னட்டை அர்த்தம் கேப்பா, எனக்கும் தெரியாது, ரெண்டு பேரும் போனில தேடுவம். உங்களுக்குத்தான் அவனோட போட்டி. அவ அவனோட போட்டி போடேல்லையே.

சேலம்_பாபு:
அக்கா, இதுக்கு நான் என்ன பதில் சொல்றது 🙏 மாமிய கேட்டதா சொல்லுங்க. ஆனா அந்த நர்ஸ் அம்மாவுக்குப் போட்டிதானே?

வாய்ப்பாடு_வாத்தியார்:
அந்த அம்மாவுக்காகத்தான் எட்டுங்கற வரம்பே. இல்லேன்னா இவன் ஆறு மாசம் அந்த நாற்காலிலயே குடியிருப்பான். இவனுங்களுக்குள்ள மோத விட்டுப் பாக்கணும்னா பைனல்ஸ் பாருங்க. கானர் டிராவர்ஸ்னு அயர்லாந்துப் பையன், 2006ல சீரிஸ் ஜெயிக்கும்போது வயசு 14. ஏழு வருசம் கழிச்சு, 2013ல, முப்பதாம் ஆண்டு சாம்பியன்சிப்புக்கு பழைய பெருந்தலைங்கள எல்லாம் கூப்ட்டாங்க, அதையும் அவனே தூக்கிட்டுப் போனான். பதினாலு வயசுல எத்தன வருசம்யா மனப்பாடம் பண்ணிருப்பான்?

சேலம்_பாபு:
பதினாலு வயசுலதான் மனப்பாடம் நல்லா ஏறும் வாத்தியாரே, எனக்கு இன்னும் அப்ப படிச்ச செய்யுள் எல்லாம் வரும், நேத்து சாவிய வெச்ச இடம் வராது.

ஒன்பதெழுத்து:
ஸ்கோர வெச்சு "இப்ப எல்லாரும் மெசின்"னு யாராச்சும் கிளம்பறதுக்கு முன்ன நானே சொல்லிடறேன். 2001 வரைக்கும் ஒன்பது ரவுண்டுதான், அப்புறம்தான் பதினஞ்சாச்சு. அதனால அப்ப நூறு எடுத்தா அதிசயம், இப்ப நூறு சாதாரணம். ஜூலியன் ஃபெல் 2002 டிசம்பர்லயே 146 எடுத்தார், அத ரொம்ப வருசம் யாராலயும் தாண்ட முடியல. அவர் காலத்துலயும் ஆப்டரஸ் கிடையாது. அப்ப அவர் எதை வாந்தி எடுத்தார்?

சும்மா_படிக்கிறவன்:
எட்டு ஜெயிச்சா எத்தன லட்சம் தருவாங்க?

ஒன்பதெழுத்து:
டீ பாட்.

சும்மா_படிக்கிறவன்:
??

ஒன்பதெழுத்து:
நெசமாத்தான். கடிகாரப் படம் போட்ட டீ பாட். கடைல கிடைக்காது, ஜெயிச்சாதான். ரொக்கமெல்லாம் கிடையாது. சீரிஸ் சாம்பியனுக்கு பல வருசமா ஆக்ஸ்ஃபோர்ட் பெரிய அகராதி, 20 தொகுதி, தோல் அட்டை போட்டது குடுத்தாங்க, அத வீட்ல வைக்க தனியா ஒரு ரூம் வேணும்.

சேலம்_பாபு:
அதான் எனக்குப் புரியல, ஒரு டீ பாட்டுக்கு ஏன் இவ்ளோ வெறியா ஆடுறானுங்க. காசுன்னாலாவது நியாயம்.

வாய்ப்பாடு_வாத்தியார்:
பாபு, நீங்க மனப்பாடத்த திட்டறது ஒரு பக்கம் எனக்கு நெஞ்ச சுடுது, முப்பது வருசம் வாய்ப்பாடு ஒப்பிக்க வெச்சவன் நான். நல்லா ஆடுறவங்களுக்கு 75ஆம் வாய்ப்பாடு தூக்கத்துல கேட்டாலும் வரும், 75, 150, 225ன்னு 975 வரைக்கும். அது யோசனைக்கு எதிரி இல்ல, யோசனை நிக்கறதுக்கு தரை. தரை இல்லாம 30 செகண்ட்ல எங்க ஓடுவீங்க? நேத்து பேத்தியோட ஆடினது ஒண்ணு போடறேன். ஏமாத்தாம, கடிகாரத்த வெச்சுக்கிட்டு போடுங்க: 75, 10, 8, 6, 4, 1. டார்கெட் 823.

சேலம்_பாபு:
10+1=11, 75×11=825ன்னு உடனே வந்துருச்சு. ரெண்டு கழிக்கணும், ரெண்டு எங்கன்னு தேடித் தேடி டைம் போச்சு. நாலக் கழிச்சு 821ன்னு எழுதிட்டேன். போன கீழ வெச்ச அடுத்த செகண்டே 8ல 6 போனா 2ன்னு தெரியுது, சனியன்.

வாய்ப்பாடு_வாத்தியார்:
ரெண்டு தள்ளி. ஏழு பாயின்ட்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:
மாமி 823 எடுத்திட்டா. நான் சொல்லேல்ல, பக்கத்தில இருந்து எட்டிப் பாத்திட்டா.