2017 ஓட்டாவியா: மணிக்கூடா, மணிக்கூட்டின் படமா?

அலைக்கரை_57
போன ஞாயிறு வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீடு. பந்தியில் பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, "இது நகல்தானே?" என்று கேட்டார். இலையில் சாம்பார் விழுந்துகொண்டிருந்த நேரம், வாதாட முடியவில்லை. இங்கே வாதாடுகிறேன்.

கட்டியிருந்தது சுவிஸ் மணிக்கூட்டு நிறுவனமான டாக் ஹோயர், தன் பழைய மாதிரியைப் பார்த்து 2017ல் மறுபடி வெளியிட்ட ஓட்டாவியா. பெயர் பழசு. 1933ல் கார், விமான டாஷ்போர்டுகளுக்கு ஹோயர் (அதே நிறுவனத்தின் பழைய பெயர்) செய்த கடிகாரத்துக்கு ஆட்டோமொபைலையும் ஏவியேஷனையும் ஒட்டி வைத்தது. கையில் கட்டும் ஓட்டாவியா 1962ல் வந்தது. என்னுடையது பந்தய வீரர் ஜோகன் ரிண்ட் கட்டியிருந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது. கறுப்பு முகப்பில் மூன்று வெள்ளை வட்டங்கள். 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஒரே பார்வையில் படிக்க வேண்டும் என்று வரைந்த முகம் அது. அந்த வரைபடம் அதே நிறுவனத்துடையது. பிறகு எப்படி நகல்?

சாவிகொடுப்பவன்
அண்ணை, குறை நினைக்காதீங்கோ, நானும் நகல் என்றுதான் சொல்வேன். அசல் ஓட்டாவியா கையால் சாவி கொடுக்கும் வால்ஜூ 72 இயந்திரம். உங்களுடையது கை அசைவிலேயே சாவி ஏறும் தானியங்கி. அசலில் இல்லாத தேதிக்கு 6 மணி இடத்தில் ஒரு ஓட்டை. அளவும் 42 மில்லிமீட்டருக்கு ஊதிவிட்டது. பெயரும் மூஞ்சியும் மட்டும்தான் மிச்சம்.

அதைவிட எரிச்சல் அந்த ஒளிப்பூச்சு. 60களில் முள்ளிலும் குறிகளிலும் பூசியது டிரிட்டியம், இருட்டில் ஒளிரவைக்கும் கதிரியக்கப் பொருள். அதன் பலம் 12.3 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். 50 வருடத்தில் 16ல் ஒரு பங்குதான் மிஞ்சும், நிறமும் பழுக்கும். அந்தப் பழுப்பு வயதின் அடையாளம். புது மணிக்கூட்டில் அதே நிறத்தைப் பூசி விற்பது, பிறந்த குழந்தைக்கு நரைமுடி ஒட்டுவது மாதிரி.

அலைக்கரை_57
பழுப்புப் பூச்சு எனக்கும் பிடிக்கவில்லை. வெள்ளையாகவே விட்டிருக்கலாம். ஒமேகாவும் 2017ல் 1957 ஸ்பீட்மாஸ்டரை மறுபடி செய்தபோது இதையேதான் செய்தது. ஆனால் அவர்கள் அசலை டிஜிட்டலாக ஸ்கேன் பண்ணி 38.6 மில்லிமீட்டரைக் காப்பாற்றினார்கள். அளவுக் குற்றச்சாட்டு என் ஓட்டாவியாவுக்குத்தான், பழைய மாதிரியை மறுபடி செய்யும் வகை முழுவதுக்கும் இல்லை.

தேதியை மட்டும் விட்டுத்தர மாட்டேன். காசோலை எழுதுகிறவனுக்கு அது வேண்டும்.

புறக்கோட்டை_பூதம்
அசல், அசல் என்கிறீர்கள். 4 வருடத்துக்கு முன் ஒருவரிடம் ஒரு பழைய குரோனோகிராப் (பொத்தானை அழுத்தி நேரம் அளக்கும் மணிக்கூடு) வாங்கினேன். முகப்பு பளபளவென்று இருந்தது. பிறகு பழுதுபார்ப்பவர் லென்ஸை வைத்துப் பார்த்துச் சிரித்தார், முழுக்கத் திரும்பப் பெயின்ட் அடித்ததாம். என் வீடு கடலிலிருந்து இரண்டு தெரு. மே மாத மழையில் கண்ணாடிக்குள் ஆவி பிடித்தது. முள் துருப்பிடித்தது. இப்போது அலமாரியில் கிடக்கிறது, மனைவி பார்க்காத நேரம் எடுத்துப் பார்ப்பேன்.

நல்ல நிலையில் உள்ள அசலுக்கு விலை கேட்கத் தலை சுற்றும். நடிகர் போல் நியூமன் கட்டிய ரோலெக்ஸ் டேடோனா 2017ல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடி 77 இலட்சம் டொலருக்குப் போனது. அது உச்சம்தான், ஆனால் அந்தச் சூடு கீழே உள்ளதையும் சுடுகிறது.

சாவிகொடுப்பவன்
பூதம், உங்களை ஏமாற்றியது ஆள், மணிக்கூடு இல்லை. அப்பா வளைகுடாவில் இருந்து கொண்டுவந்த சீக்கோ 6139 என்னிடம் இருக்கிறது. 1969ல் வந்த தானியங்கி குரோனோகிராப் வகை. கண்ணாடியில் கீறல் இருக்கிறது, மழையில் கட்ட மாட்டேன். ஆனாலும் பொத்தானை அழுத்தினால் முள் துள்ளாமல் புறப்படும். அதை எந்த ஷோரூமில் விற்கிறார்கள்?

கொட்டாவ_வெளியேற்றம்
பழைய அசல், புது மறுபதிப்பு இரண்டும் என் பைக்குக் கட்டாது. என்னிடம் இருப்பது வெளிச்சத்தில் ஓடும் சீக்கோ சோலார் ஸ்பீட்டைமர், 39 மில்லிமீட்டர், வெளிவளையத்தில் வேகம் காட்டும் டாக்கிமீட்டர் அளவுகோல். தெற்கு அதிவேகப் பாதையில் மச்சான் ஓட்ட, நான் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து அழுத்துவேன். அடுத்த கல் 36 வினாடியில் வந்தால் முள் 100ல் நிற்கும், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். 33 என்றால் வேகம் கூடிவிட்டது என்று மச்சானிடம் சொல்லிவிடுவேன். மணிக்கூடு எதற்குச் செய்தார்களோ அதற்குப் பாவிக்கிறேன்.

அலைக்கரை_57
இதைத்தான் கலியாண வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சாவி தம்பி, உங்கள் 6139ஐ நான் குறைவாகச் சொல்லவில்லை. அது அப்பாவின் கை. எனக்கு அப்படி ஒன்று வரவில்லை. அப்பா கட்டியது மணி மட்டும் காட்டும் ஒன்று, 83ல் வீட்டோடு போய்விட்டது. சின்ன வயதில் ஒரு பத்திரிகையில் பார்த்த முகத்தை 60 வயதில் கட்டுகிறேன், மழையிலும் கட்டுகிறேன்.

சாவிகொடுப்பவன்
சரி அண்ணை. நகல் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். பழுப்புப் பூச்சை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

புறக்கோட்டை_பூதம்
என் துருப்பிடித்த முள்ளுக்கு ஒரு வழி சொல்லுங்கோவன், தம்பி.