கான்கிளேவ்: பூட்டவை என்று சொல்லலாமா?

நண்பர்களே,

புதிய திருத்தந்தையை, அதாவது போப்பை, தேர்ந்தெடுக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்நிலைத் தலைவர்களான கர்தினால்கள் கூடும் அவைதான் கான்கிளேவ். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் முயற்சியில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். 'மந்தண அவை' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கான்கிளேவ் என்ற சொல்லின் உயிர் ரகசியத்தில் இல்லை, பூட்டில் இருக்கிறது.

லத்தீனில் 'கும்' என்றால் 'உடன்', 'கிளாவிஸ்' என்றால் சாவி. பூட்டக்கூடிய அறைக்குத்தான் முதலில் 'கொன்கிளாவே' என்று பெயர். பிறகு அறையின் பெயர் அதில் கூடுகிறவர்களுக்கும் ஆகிவந்தது. நமக்கு இது புதிதில்லை. மன்றம், அவை எல்லாம் இடத்தையும் குறிக்கும், கூட்டத்தையும் குறிக்கும். இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துகீசியம் நான்கிலும் இந்தச் சொல் கொஞ்சம் உச்சரிப்பு மாறி அப்படியே இருக்கிறது. ஆனால் தெருவில் புழங்கிய 'கிளாவிஸ்' தேய்ந்துபோய் இத்தாலியத்தில் கியாவே, ஸ்பானியத்தில் யாவே, போர்த்துகீசியத்தில் சாவே என்று ஆனது. அந்தச் சாவேதான் கப்பலேறி வந்து நம் இடுப்பில் தொங்கும் சாவி! கான்கிளேவ் நமக்கு ஒருவகையில் தூரத்து உறவு.

அப்படியானால் 'சாவியவை' என்றே வைக்கலாமே என்று எனக்கும் முதலில் ஆசை வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் மணி பிடிக்காத நெல்லுக்கும் சாவி என்றுதான் பெயர். பயிர் சாவியாய்ப் போனது என்றால் பதராகிவிட்டது என்று பொருள். கர்தினால்களை அப்படிச் சொல்ல வேண்டாம். போதாததற்கு, திருத்தந்தை இறந்த பிறகு பெரும்பாலும் கூடுகிற அவைக்குச் 'சாவு' ஒலிக்கிற பெயர் சரிவராது.

'குடவோலை அவை' என்று ஒருவர் எழுதியிருந்தார். உத்திரமேரூரில் நடந்தது சீட்டெடுப்பு. குடத்துக்குள் கைவிட்ட சிறுவன் எடுத்த ஓலைதான் முடிவு. இங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இரண்டும் வேறு.

என் பரிந்துரை பூட்டவை. பூட்டு + அவை. 'பூட்ட வை' என்று பிரித்துப் படித்துவிடுவார்களே என்பீர்கள். படிக்கட்டும், வரலாற்றில் நடந்ததும் அதுதான். 1268 நவம்பரில் திருத்தந்தை நான்காம் கிளமெண்ட் இத்தாலியின் விதெர்போ நகரில் இறந்தார். கர்தினால்கள் அங்கேயே கூடி, கூடி, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். பொறுத்துப் பார்த்த ஊரார் கதவைப் பூட்டினார்கள், சாப்பாட்டைக் குறைத்தார்கள், கடைசியில் மாளிகையின் கூரையையே பிரித்தார்கள். 'கூரையில்லா மாளிகையில்' என்று குறிப்பிட்டு 1270-இல் எழுதிய ஓர் ஆவணமும் உண்டு. ஒருவழியாக 1271 செப்டம்பர் 1 அன்று தேர்வானவர் கர்தினாலே இல்லை. அப்போது அவர் புனித நாட்டில் ஆக்கர் நகரில் இருந்தார்! பத்தாம் கிரகோரி என்ற பெயரில் திருத்தந்தையான அவரே 1274-இல் லியோன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் அதைச் சட்டமாக்கினார்: மூன்று நாளில் முடிவு வராவிட்டால் வேளைக்கு ஒரே பதார்த்தம், இன்னும் ஐந்து நாள் போனால் வெறும் ரொட்டி, தண்ணீர், திராட்சை ரசம்.

இப்போது சாப்பாட்டுக் கட்டுப்பாடு கிடையாது, தங்குவதும் வத்திக்கானின் விருந்தினர் விடுதியான சாந்தா மார்த்தா இல்லத்தில். ஆனால் 'எல்லாரும் வெளியே' என்று லத்தீனில் அறிவித்து, வாக்களிப்பு நடக்கும் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கதவைச் சாத்துவது மட்டும் மாறவில்லை. அதனால் பூட்டை விட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ஒன்று. ஐந்து நட்சத்திர ஓட்டலில் நடக்கும் வணிகக் கூட்டங்களுக்கும் ஆங்கிலப் பத்திரிகைகள் கான்கிளேவ் என்றே போடுகின்றன. அதற்கெல்லாம் மாநாடு போதும். அங்கே யாரும் யாரையும் பூட்டுவதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: '2025 மே 7 அன்று 133 கர்தினால்கள் பூட்டவைக்குள் சென்றனர். மறுநாள் மாலையே வெண்புகை எழுந்தது. பதினான்காம் லியோ தேர்வானார்.' பூட்டவை கூடியது, பூட்டவையில், பூட்டவையினர் என்று உருபும் விகுதியும் தடங்கலில்லாமல் ஏறுகின்றன. 'பூட்டவைக்கு' மட்டும் எனக்குக் கொஞ்சம் இடறுகிறது. உங்கள் காதுக்கு எப்படி?