இத்தாலி இயற்கை ஒயின்காரங்க முறை எலுமிச்சைத் தோட்டத்துக்கு ஒத்துவருமா?

எலுமிச்சைத்தோப்பு, புளியங்குடி
இத்தாலியில சின்ன அளவுல செய்ற சில ஒயின்காரங்க ஈஸ்ட் வாங்கிப் போடுறதில்ல, ஒண்ணும் கலக்குறதில்லன்னு சொல்றாங்க. நம்ம பதநீருக்குக் கலயத்துல சுண்ணாம்பு தடவலன்னா பொழுது ஏறுறதுக்குள்ள கள்ளாயிருது. திராட்சைச் சாறு மட்டும் எப்படி வருசக்கணக்கா நிக்கி? அவங்க தோட்டத்துல செய்றதுல எலுமிச்சைக்கு எதை எடுத்துக்கலாம்? சொறிநோய்க்குத் தாமிர மருந்து அடிச்சு அடிச்சு மண்ணு என்னாகும்னு கவலையா இருக்கு.

பனங்காடு, திசையன்விளை
அண்ணாச்சி, வித்தியாசம் புளிப்புலதான். புதுப் பதநீர்ல புளிப்பே கிடையாது. ஈஸ்டும் பாக்டீரியாவும் ஒண்ணாப் பெருகும். ஒயின் திராட்சையில பிஎச் (புளிப்பு அளக்குற எண்; குறையக் குறைய புளிப்பு கூடுதல்) 3.2 முதல் 3.6. அதுல பெரும்பாலான பாக்டீரியா தலையெடுக்காது. சர்க்கரை லிட்டருக்கு 220 கிராம் இருந்தா, 17 கிராமுக்கு ஒரு சதவீதம்னு ஆல்கஹால் 13 வரை போகும். இது ரெண்டும்தான் காவல்.

சும்மா விட்டா நிக்காது. அறுவடைக்கு நாலஞ்சு நாள் முந்தியே நல்ல குலையா கொஞ்சம் பறிச்சு, மசிச்சு நுரைக்க விடுவாங்க. வாடை சுத்தமா இருந்தாத்தான் பெரிய தொட்டிக்கு உறை; நகப்பூச்சு வாடை வந்தா கொட்டிரணும். தோல் மேல மிதந்து காஞ்சா வினிகர் பாக்டீரியா ஏறும், அதனால தினம் ரெண்டு தடவை அமுக்கணும். சூடு 35 டிகிரியைத் தாண்டினா ஈஸ்ட் செத்து, மிச்சச் சர்க்கரை பாக்டீரியாவுக்குப் போயிரும். பெரும்பாலும் கெடுறது இந்த இடத்துலதான். பொங்கி அடங்கினதும் பாத்திரத்தைக் கழுத்து வரை நிரப்பி, குறையக் குறைய ஊத்தணும்; காத்து இல்லாம வினிகர் பாக்டீரியா பெருகாது.

ஒயின் கெடாம இருக்கப் போடுற சல்பைட்டை எல்லாருமே தொடாதவங்கன்னு நினைக்காதீங்க. ஐரோப்பிய விதிப்படி சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை போகலாம். ஆஞ்சியோலினோ மௌலே 2006-ல தொடங்கின வின்நாத்தூர் சங்கத்துல சிவப்புக்கு 30, வெள்ளைக்கு 50தான். அழுகல் பழம் ஒரு கூடை சேர்ந்தாலும் அந்த அளவுல காப்பாத்த முடியாது. அதான் அவங்க உசுரைக் குடுத்துத் தோட்டத்தைப் பாக்குறாங்க.

வீட்டுல போட்டுப் பாக்காதீங்க, உரிமம் இல்லாம இங்க குற்றம்.

இலையும்வேரும், கடையநல்லூர்
உங்க கவலை நியாயமானது. இத்தாலியில திராட்சைக்கு வர்ற அடிச்சாம்பல் நோய்க்கு இயற்கை முறைக்காரங்களும் தாமிரம்தான் அடிக்காங்க. மழை கூடுன 2023-ல அப்ருட்ஸோ பக்கம் அந்த நோய் விளைச்சலையே வாரிட்டுப் போச்சு. ஆனா ஐரோப்பாவுல உச்சவரம்பு உண்டு: ஹெக்டேருக்கு 7 வருசத்துக்கு 28 கிலோ தாமிரம். நம்ம கணக்குல ஏக்கருக்கு வருசம் சுமார் 1.6 கிலோ.

இப்ப உங்க மருந்தைப் பாருங்க. காப்பர் ஆக்ஸிகுளோரைடுல பாதி தாமிரம். லிட்டருக்கு 3 கிராம், ஏக்கருக்கு 500 லிட்டர்னா ஒரு தடவை அடிச்சா 750 கிராம் தாமிரம். ரெண்டு தடவையோட வரம்பு முட்டிரும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்குற ஒரு சத போர்டோ கலவையில அதே 500 லிட்டருக்கு மயில்துத்தம் 5 கிலோ போகும்; அதுல தாமிரம் 1.25 கிலோ, ஒரே தடவையில. தாமிரம் மக்காது, மேல்மண்ணுலயே தங்கி மண்புழுவைக் கெடுக்கும்.

அதனால மருந்து அடிக்கிறதுக்கு முந்தி சொறி புடிச்ச குச்சியை வெயில் நாள்ல வெட்டி எரிங்க. இலைத்துளைப்பான் பூச்சி போட்ட காயம் வழியா சொறி சுலபமா ஏறும். கொழுந்து விடும்போது அந்தப் பூச்சியைக் கவனிங்க.

எலுமிச்சைத்தோப்பு, புளியங்குடி
கணக்கு புரிஞ்சிட்டு. நடுவுல உழவு ஓட்டாம விடலாமா?

பனங்காடு, திசையன்விளை
விடலாம், வெறும் மண்ணா விடாதீங்க. அங்க அக்டோபர் வாக்குல வரிசைக்கு நடுவுல மொச்சை வகை, பார்லி, கடுகு கலந்து விதைச்சு, வசந்தத்துல பூக்கும்போது மடக்குவாங்க. நமக்குச் சணப்பை போதும், ஏக்கருக்கு 10-15 கிலோ, வடகிழக்குப் பருவத்தோட முதல் மழைக்கு. 45 நாள்ல பூ எடுக்கும்போதே அறுத்து மரத்தடியில போடுங்க. காய் புடிச்சா நார் ஏறி மக்க நாளாகும், மழை நின்னப்புறம் மரத்துத் தண்ணியையும் இழுக்கும். எலுமிச்சை வேர் மேலாப்புல ஓடுறதால கலப்பை போட்டு மடக்க வேண்டாம். தண்டை ஒட்டிக் குவிக்காம ஒரு முழம் தள்ளிப் போடுங்க, இல்லன்னா தூர் அழுகும்.