ஸ்டட்டுக்கு ஒரு சொல்: மரைமுளையா, ஊன்றாணியா?

அன்புள்ள குழுவினருக்கு,

'ஹெட் ஸ்டட்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுப் போன வாரம் எழுதியிருந்தேன். இன்ஜின் பிளாக்கில் ஒரு முனை இறங்கி, மறுமுனையில் நட்டு ஏறி, பிளாக்கின் மேல்மூடியான ஹெட்டைப் பிடித்துவைக்கும் மரை வெட்டிய கம்பி அது. வந்த மடல்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்:

> மரையாணி (போல்ட்) என்ற சொல் இருக்கும்போது ஸ்டட்டுக்கு எதற்குத் தனிச்சொல்?

இதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். தனிச்சொல் இல்லாமல் போனதால் ஓர் இன்ஜின் பிளாக் வீணானதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

கடலூர் முதுநகரில் படகு இன்ஜின் வேலை பார்க்கிற பட்டறை எங்களுடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் இருக்க வைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட ஹெட் கேஸ்கட் வேலையெல்லாம் அப்போதுதான் வந்து குவியும். புதிதாகச் சேரும் பையன்களுக்காக வேலை வரிசையைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். அதில் ஒரு வரி: 'ஹெட் மரையாணிகளை உரிய முறுக்குவிசைக்கு முறுக்கவும்.'

பையன் அந்த வரியை அப்படியே செய்தான். ஸ்டட்டின் தலையில் இரண்டு நட்டுகளைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கினான். மேல் நட்டில், முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சை மாட்டி, ஹெட் நட்டுக்குச் சொன்ன முறுக்குவிசையை ஸ்டட்டுக்கே கொடுத்தான். பிளாக்கில் ஸ்டட் இறங்கும் குழியின் அடியில் கொஞ்சம் தண்ணீரும் எண்ணெயும் தேங்கியிருந்தது அவனுக்குத் தெரியாது. அடி மூடிய குழிக்குள் ஸ்டட் இறங்க இறங்க, அந்த ஈரத்துக்கு ஒதுங்க இடமில்லை; அமுங்கவும் அமுங்காது. 'டிக்' என்று ஒரு சத்தம். துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், குழியின் விளிம்பிலிருந்து தண்ணீர்ப் பாதை வரைக்கும் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. ஜூன் 15 அன்று எல்லாப் படகும் கடலுக்குப் போனபோது அந்தப் படகு கரையில் கிடந்தது. பையன் மேல் தப்பில்லை. நான் எழுதிய வரிதான் தப்பு.

போல்ட்டும் ஸ்டட்டும் ஒரே வேலையைச் செய்வதுபோல் தெரியும். கைக்கு அவை வேறு வேறு. போல்ட்டை முறுக்கினால் அதன் உடம்பே முறுக்குண்டு நீள்கிறது. கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் பிளாக்கின் புரி (மரை) தேய்கிறது. ஸ்டட் அப்படியில்லை. அது பிளாக்கில் போய் உட்கார்ந்துவிடும். மேலே நட்டு மட்டும்தான் சுற்றும். ஸ்டட் பெரும்பாலும் நேராக இழுபட்டு நிற்கும். அந்த இழுவிசைதான் ஹெட்டையும் கேஸ்கட்டையும் பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கிறது. அதனால்தான், மேனுவலில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, ஸ்டட்டைக் கையால் அடிவரை இறக்கினால் போதும். முறுக்குவிசை முழுக்க நட்டுக்கு உரியது. ஒன்றை நிறுத்துகிறோம், இன்னொன்றை முறுக்குகிறோம். இரண்டு செயலுக்கும் ஒரே பெயரை வைத்தால் கை தடுமாறத்தான் செய்யும்.

இனி வந்த சொற்களுக்கு வருகிறேன்.

'இருமுனை மரையாணி' பார்த்தவுடன் புரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். பிளாக்குக்குள் போகும் முனையில் அகலப் புரி, நட்டு ஏறும் முனையில் நெருக்கப் புரி என்று பல ஸ்டட்டுகள் இருப்பதும் உண்மை. ஆனால் உடம்பு முழுக்கப் புரி வெட்டிய ஸ்டட்டும் இருக்கிறது. அதோடு இந்தச் சொல் பொருளின் உருவத்தைச் சொல்கிறதே தவிர, அதை என்ன செய்யவேண்டும் என்று சொல்லவில்லை. பட்டறைக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

புதுச்சேரி நண்பர் பிரெஞ்சு வழக்கை எடுத்துக்காட்டியது எனக்கு மிகவும் உதவியது. அங்கே போல்ட்டு 'பூலோன்', ஸ்டட்டு 'கூஜோன்'. இரண்டுக்கும் ஒட்டே கிடையாது. ஹெட்டையும் அவர்கள் தலை என்று சொல்வதில்லை. துப்பாக்கிக் குழலின் பின்பக்க அடைப்புக்கு உள்ள 'குலாஸ்' என்ற பெயரையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் எந்த உருவகத்தைப் பிடித்ததோ அதையே நாமும் பிடிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

நான் மனதில் வைத்திருந்தது 'மரைமுளை'. மாடு கட்ட முளை அடிக்கிறோமே, அந்த முளை. பாதி மண்ணுக்குள், பாதி வெளியே, அசையாமல் நிற்பது. சொல் நாக்கில் நன்றாகவும் புரண்டது. ஒரு வாரம் பட்டறையில் புழங்கவிட்டேன். எங்களிடம் முப்பது வருஷமாக வேலை பார்க்கும் பெரியவர் மூன்றாம் நாளே கேட்டார்: "முளைன்னா சுத்தியால அடிக்கிறதாச்சே தம்பி? பசங்க சுத்திய எடுத்துடப் போறானுங்க." எனக்குச் சுருக்கென்றது. புரியுள்ள பொருளின் தலையில் சுத்தியல் பட்டால் அப்புறம் நட்டு ஏறவே ஏறாது. எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்தச் சொல் ஆகாது.

'நடுகல்' போல 'நட்டாணி', 'நடுவாணி' என்று இருவர் எழுதியிருந்தீர்கள். முதலாவது காதில் விழும்போது நட்டும் ஆணியும் என்று கேட்கிறது; இரண்டாவது நடுவில் இருக்கும் ஆணி என்று ஆகிறது. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக இறுக்கச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இந்தக் குழப்பம் கூடவே கூடாது.

ஆகவே என் பரிந்துரை 'ஊன்றாணி'. ஊன்றுகோல் போல வினைத்தொகை. ஊன்றுவது என்றால் அடிப்பதும் இல்லை, முறுக்குவதும் இல்லை. அடி பதிய நிறுத்துவது. பெரியவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "இது சரி" என்றார். நட்டை நட்டாகவே விட்டுவிடலாம். அது ஊர் வாயில் ஊறிய சொல்.

சுவரில் ஒட்டப்போகும் புதிய தாளில் இந்தப் பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன்:

'குழிகளில் தேங்கிய எண்ணெயையும் தண்ணீரையும் காற்றடித்து முழுக்க வெளியேற்று. புரியைச் சுத்தம் செய், புதிதாக வெட்டாதே. ஊன்றாணியைக் கையால் அடிவரை இறக்கு. குழி தண்ணீர்ப் பாதைக்குள் திறந்திருந்தால் ஊன்றாணியின் புரியில் கசிவு தடுக்கும் பசை பூசு. கேஸ்கட்டின் மேல்பக்கக் குறியைப் பார்த்து மாட்டு. ஹெட்டைச் சாய்க்காமல் நேராக இறக்கு. மேனுவலில் சொன்ன எண்ணெயை மேல் புரியிலும் வாஷரிலும் தடவு. பிறகு நட்டை மட்டும் முறுக்கு.'

'கசிவு தடுக்கும் பசை' நீளமாக இருக்கிறது. பட்டறை வாய்க்கு ஏற்ற சின்னச் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். தாளைத் தடைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒட்டியாக வேண்டும்.