எல்லையோரத்திலிருந்து பயண வலைப்பதிவு: காசு எங்கே வருகிறது, எங்கே சிக்குகிறது

இழை தொடங்கியவர்:
ஊர் சுற்றி எழுதியே பிழைக்கலாமா என்று கேட்டு வாரத்துக்கு ரெண்டு பேராவது வந்துவிடுகிறார்கள். அவர்களுக்காக இந்த இழை. "போனோம், மழை பெய்தது, கட்டன் சாயா குடித்தோம்" வேண்டாம். வருமானம் எந்த வழியில் வருகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று மட்டும் எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊர் போதும்.

செங்கோட்டை:
விளம்பரத்தில் நாலு காசு பார்க்கும் பக்கங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். நாளைக்குக் காலையில் கிளம்புகிறவர் இன்று ராத்திரி தேடும் பக்கங்களாகத்தான் இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்துக்கு அப்படித்தான் தேடுகிறார்கள்: தண்ணி விழுதா, ஐந்தருவியில் குளிக்க விடுறாங்களா, வண்டி எங்கே நிறுத்துறது. வர்ணனை எழுதினால் நண்பர்கள் பாராட்டுவார்கள், அவ்வளவுதான்.

வலைப்பக்கத்தின் முகவரியில் (யுஆர்எல்) ஆண்டைப் போடாதீர்கள். "குற்றாலம் சீசன் 2024", "குற்றாலம் சீசன் 2025" என்று வருஷத்துக்கு ஒரு பக்கம் போட்டால் ஒவ்வொன்றும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், பழைய பக்கத்துக்குக் கிடைத்த இணைப்பெல்லாம் வீண். ஒரே நிரந்தர முகவரி வைத்து, ஏப்ரல் கடைசியிலேயே திருத்தி, "கடைசியாகச் சரிபார்த்த தேதி" என்று தலைப்புக்குக் கீழே போடுங்கள். பஸ் ஸ்டாண்டு நேர அட்டவணையைப் படமாக மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் மேலே வர முடியாது, நேரங்களைத் தட்டச்சு செய்தே ஆக வேண்டும்.

இங்கே பாதிக் கூட்டம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. ஆடியில் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி பூத்தால் கேரளப் பதிவெண் வண்டிகள்தான் வரிசை கட்டும். அவர்கள் தமிழில் தேடுவதில்லை. அதே பக்கத்துக்கு ஒரு ஆங்கில வடிவமோ மலையாள வடிவமோ கையால் எழுதித் தனி முகவரியில் வைத்து, இரண்டையும் ஹெச்ரெஃப்லாங் குறியால் (ஒரே பக்கத்தின் வேறு மொழி வடிவம் இது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி) இணையுங்கள். மொழிபெயர்ப்புக் கருவியில் நூறு பக்கத்தை ஊற்றி எடுக்கும் ஆசை வரும். 2024 மார்ச்சில் கூகுள் மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களுக்கு எதிராக விதியைக் கடுமையாக்கியது. அதில் சிக்கினால் தளம் முழுக்க அடிவாங்கும்.

கம்பம்:
செங்கோட்டை அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போது திறந்திருக்கும் என்பதைவிட எப்போது மூடியிருக்கும் என்பதற்கு மதிப்பு அதிகம். மூணாறுக்குப் பக்கத்தில் இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடு குட்டி போடும் காலமென்று வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். இதைச் சொல்லாத மூணாறு வலைப்பக்கத்தை நம்பி போடிமெட்டு ஏறிப் போன குடும்பம் திரும்ப உங்கள் பக்கத்துக்கு வருமா? நீலக்குறிஞ்சியும் அதே கதைதான். 2006, 2018 என்று பூத்தது, அடுத்தது 2030. ஆனால் முகப்புப் படமாக நீலமலையைப் போடாத ஆளில்லை. சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டம் நேர் எதிர். கவாத்து வெட்டி (கொடியின் கிளைகளைக் கழித்து) சுமார் 120 நாளில் அறுப்பு. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அங்கே "சீசன்" எழுதத் தேவையில்லை, எந்தத் தோட்டத்தில் உள்ளே விடுகிறார்கள் என்றுதான் எழுத வேண்டும்.

இப்போது கணக்கு. ஆயிரம் பக்கப் பார்வைக்கு எவ்வளவு விளம்பர வருமானம் என்பதுதான் ஆர்பிஎம். மாதம் 30,000 பார்வை, ஆர்பிஎம் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,800 ரூபாய். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்பும். டாலர் 85 ரூபாய் என்றால் 8,500. ஆக, முதல் 100 டாலர் சேரவே ஐந்து மாதம். தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் 2018இலிருந்து உண்டு, ஆனால் ஆங்கிலப் பக்கத்துக்குக் கிடைக்கும் விலை தமிழுக்குக் கிடைக்காது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் யாரும் வேலையை விடாதீர்கள்.

நகரி:
பணம் சேர்ந்த பிறகு வரும் சிக்கலை யாரும் சொல்வதில்லை. 10 டாலர் சேர்ந்ததும் ஆட்சென்ஸ் முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண்ணைத் (பின்) தபாலில் அனுப்பும். சாதாரணத் தபால், ரசீது கிடையாது, ரெண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். நாலு மாதத்துக்குள் அந்த எண்ணைப் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். எங்கள் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் முகவரியைப் பழக்கத்தில் திருத்தணிப் பக்கத்து ஊர் பேரோடு எழுதிவிடுவார்கள். பின்கோடு 51இல் தொடங்கினால் ஆந்திரா, மாநிலப் பெட்டியில் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்தால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். தபால்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. மூன்று தடவை கேட்டும் வரவில்லையென்றால் அடையாள அட்டை கொடுத்துச் சரிபார்க்கலாம்.

அடுத்தது இனிஷியல். நமக்கே உரிய தலைவலி. ஆதாரில் இனிஷியல், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக, வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பின்னால். ஆட்சென்ஸில் பெறுபவர் பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பெறுபவர் பெயரைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு, கணக்குத் தொடங்கும்போதே பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

சிறிய ஊர்க் கிளைகளுக்குத் தனி ஸ்விஃப்ட் குறியீடு (வெளிநாட்டுப் பணம் வருவதற்கான வங்கி அடையாளக் குறியீடு) பெரும்பாலும் இருக்காது. அந்நியச் செலாவணி பார்க்கும் பெரிய கிளையின் குறியீட்டைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். பணம் மாதம் 21 முதல் 26க்குள் கிளம்பும். வங்கி "எதற்கான பணம்" என்று கேட்டால் விளம்பரச் சேவை, நோக்கக் குறியீடு பி1007 என்று சொன்னால் போதும். உள்வந்த பணத்துக்கான சான்றிதழை ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள், வரிக் கணக்கில் கேட்பார்கள்.

இன்னொன்று, பழவேற்காடு பூநாரைப் படங்களுக்கு டிரோன் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பக்கத்திலேயே ஸ்ரீஹரிகோட்டா. பறக்கவிடும் முன் டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள், சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் தூக்கவே கூடாது. அப்படியே விட்டாலும் பறவைக் கூட்டம் மொத்தமாகக் கலைந்துவிடும், படமும் கிடைக்காது.

கொழிஞ்சாம்பாறை:
ரிசார்ட் கொலாப் (இலவசமாகத் தங்க வைத்து எழுதச் சொல்லும் ஏற்பாடு) பற்றி நான். "ரெண்டு ராத்திரி ஃப்ரீ, நீங்க எழுதுங்க" என்று செய்தி வரும். உடனே சரி என்காமல் இப்படிப் பதில் போடுங்கள்:

"நன்றி. ஒரு கட்டுரை, பத்துப் படம், ஒரு குறுங்காணொளி தருகிறேன். படங்களை உங்கள் சமூக வலைப் பக்கங்களில் ஆறு மாதம் பயன்படுத்தலாம், அச்சு விளம்பரத்துக்குத் தனிக் கட்டணம். குறைகள் இருந்தால் எழுதுவேன். கட்டுரையின் தொடக்கத்திலேயே இலவசத் தங்கல் என்று குறிப்பிடுவேன். உங்கள் தளத்துக்கான இணைப்பில் ஸ்பான்சர்டு குறி இருக்கும்."

கடைசி வரியைப் படித்ததும் பாதிப் பேர் காணாமல் போவார்கள். போகட்டும். காசுக்கோ இலவசத்துக்கோ கொடுத்த இணைப்பு இது என்று கூகுளுக்குச் சொல்வதுதான் ஸ்பான்சர்டு குறி. அந்தக் குறி இல்லாத இணைப்பைக் காசுக்குக் கொடுத்தால் கூகுள் தளத்தையே கீழே தள்ளலாம், அந்த ரிசார்ட் வந்து காப்பாற்றாது. இலவசத்தை மறைப்பது சட்டப்படியும் ஆபத்து. விளம்பரத் தரக் கவுன்சில் 2021இலும், நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வழிமுறை வெளியிட்டுவிட்டன. தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் வரை அபராதம் போட நுகர்வோர் சட்டத்தில் இடமிருக்கிறது, மறுபடி நடந்தால் 50 லட்சம் வரை.

இலவசம் வருமானம்தான். 2022 ஜூலையிலிருந்து, ஒரே தரப்பு ஒரு நிதியாண்டில் தரும் சலுகையின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் அந்தத் தரப்பு 10 சதவீதம் வரி பிடித்தாக வேண்டும். கைக்கு ஒரு ரூபாயும் வராது, தங்கியதற்கு வரி மட்டும் வரும்! அதனால் தங்கலோடு கொஞ்சம் ரொக்கமும் பேசிக்கொள்ளுங்கள். விற்றுமுதல் குறைவாக உள்ள தனிநபர் ஹோம்ஸ்டேக்காரர் இந்த வரியைப் பிடிக்கக் கடமைப்பட்டவர் அல்ல. ஆனாலும் உங்கள் கணக்கில் காட்ட வேண்டியது நீங்கள்தான்.

கூடலூர்:
அஃபிலியேட் (நம் இணைப்பு வழியாக வாசகர் வாங்கினால் நமக்குக் கமிஷன்) பற்றிச் சுருக்கமாக. அமேசான் இணைப்பைச் சொடுக்கியவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினாலோ, கூடையில் போட்டு வைத்துப் பிறகு வாங்கினாலோதான் கமிஷன், கணக்குத் தொடங்கி 180 நாளில் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். அதனால் ஆள் வராத புதுத் தளத்தில் முதல் நாளே பதிய வேண்டாம். கேமரா விற்கப் பார்க்காதீர்கள், அதை யாரும் பயணப் பக்கத்தில் படித்து வாங்குவதில்லை. மழைக்கோட்டு, அட்டைப்பூச்சி ஏறாத காலுறை, பவர் பேங்க், இதெல்லாம் ஓடும். விடுதி முன்பதிவில் வாசகர் தங்கி முடித்த பிறகே கமிஷன் உறுதியாகும், ரத்து செய்தால் ஒன்றுமில்லை. மே மாத முன்பதிவைப் பார்த்து மே மாதமே செலவழிக்காதீர்கள்.

நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தபோது, நாடுகாணி வழியாக மலப்புறத்திலிருந்து வருகிறவர்கள் தேடியது அந்த விண்ணப்பப் பக்கத்தைத்தான். அந்தத் தகவலில் நேரடிக் காசு கிடையாது. படிப்படியாக எப்படி விண்ணப்பிப்பது என்று எழுதி, அதன் கீழே எங்கே தங்கலாம் என்ற பக்கத்துக்கு ஒரு வரி போட்டால் அங்கே காசு. விதி மாறினால் அன்றைக்கே திருத்த வேண்டும், அதற்கு மலையை விட்டு இறங்கத் தேவையில்லை. மின்சாரம் போனாலும் ரவுட்டர் ஓட ஒரு 12 வோல்ட் சிறு யூபிஎஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபைபர் இணைப்பென்றால் சுவரில் கரண்டில் ஓடும் பெட்டி தனியாக ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கும் சேர்த்து இணைக்க வேண்டும், ரவுட்டர் விளக்கு மட்டும் எரிந்தால் நெட் வராது.