மேட்டூர் கணக்கு முதல் கடைமடை வரை: தரவு வேலையில் உங்களுக்குக் கைகொடுத்த கருவி எது?

திருவாரூரிலிருந்து:

பைத்தான், ஆர் என்ற நிரல்மொழிகள் இரண்டையும் நானும் அன்றாடம் பயன்படுத்துகிறேன். ஆனாலும் புதிதாக ஒரு கோப்பு வந்தால் என் கை முதலில் போவது ‘ஆக்’ பக்கம்தான். டெர்மினலில், அதாவது கட்டளையைத் தட்டச்சு செய்யும் திரையில், ஓடும் சின்ன உரைக்கருவி அது. 1977-ல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் சேர்ந்து எழுதியது. லினக்ஸ், மேக் எதைத் திறந்தாலும் அநேகமாக ஏற்கெனவே உள்ளே இருக்கும்.

மேட்டூர் அணை நிலவரத்தைப் பல வருஷத்துக்குத் திரட்டி, நாளுக்கு ஒரு வரியாக சிஎஸ்வி (கமாவால் பிரித்த அட்டவணை) கோப்பில் வைத்திருந்தோம். தேதி, நீர்மட்டம், இருப்பு, வரத்து, திறப்பு. குறுவைக்கு ஜூன் 12-ல் தண்ணீர் விட்ட வருஷங்களையும் தள்ளிப்போன வருஷங்களையும் ஒப்பிட வேண்டும். பல கை மாறி வந்த தரவு என்பதால் எந்த எண்ணை நம்புவது என்பதே முதல் கேள்வி.

அதற்கு அணைக்கணக்கே வழி காட்டும். விநாடிக்கு ஒரு கன அடி என்றால் ஒரு நாளைக்கு 86,400 கன அடி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. அப்படியானால் திறப்பைவிட வரத்து விநாடிக்கு 10,000 கன அடி கூடுதலாக இருக்கும் நாளில் இருப்பு சுமார் 0.864 டி.எம்.சி. ஏற வேண்டும். ஆக் கருவி அந்தக் கோப்பை வரிவரியாகப் படித்துக்கொண்டே போகும். நேற்றைய இருப்பை ஒரு மாறியில் பிடித்து வை, இன்றைய இருப்பிலிருந்து கழி, கணக்குப்படி வரவேண்டிய ஏற்றத்தோடு ஒப்பிடு, அரை டி.எம்.சி.க்கு மேல் இடித்தால் அந்த வரியைக் காட்டு. இவ்வளவும் ஒரே வரிக் கட்டளை. ஆவியாகும் தண்ணீர் அந்த அரைக்குள் அடங்கிவிடும். வெள்ளக் காலத்தில் வரத்து மணிக்கு மணி மாறும், அந்த நாட்களுக்கு மட்டும் வரம்பைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

என்டர் தட்டியதும் சில வரிகள் வந்து விழுந்தன. ஒன்றில் 39.4 என்று இருக்க வேண்டிய இருப்பு 93.4 என்று ஏறியிருந்தது. அணையின் முழுக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி. என்பதால், அந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. முந்தைய நாளோடு சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். இதனால்தான் எனக்கு ஆக் மேல் இவ்வளவு பிரியம்.

தஞ்சாவூரிலிருந்து:

அருமை அண்ணே. என் ஓட்டு செயற்கைக்கோள் படங்களையும் வரைபடத் தரவையும் கையாளும் ‘ஜிடால்’ நிரல் நூலகத்துக்கு. சம்பா பருவத்தில் வடகிழக்குப் பருவமழை மேகம் மூடிக்கொள்ளும், சாதாரணச் செயற்கைக்கோள் படத்தில் வயலே தெரியாது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும், தரவும் இலவசம். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் அதில் கறுப்பாக விழும், பயிர் தூர் கட்டி வளர வளர வெளுக்கும். எந்தப் பக்கம் எப்போது நடவு நடந்தது என்று அதை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

ஒரு படம் 250 கி.மீ. அகலம். எனக்கு வேண்டியதோ ஒரத்தநாடு வட்டாரம் மட்டும். ‘ஜிடால்வார்ப்’ கட்டளைக்கு வட்டார எல்லைக் கோப்பைக் கொடுத்து, நம் பகுதிக்கான யுடிஎம் 44 வடக்கு என்ற வரைபட ஆயமுறைக்கு மாற்றி வெட்டச் சொல்லி, அதை ஷெல் லூப்பில் (ஒரே கட்டளையை ஒவ்வொரு கோப்புக்கும் திரும்பத் திரும்ப ஓட்டும் நிரலில்) போட்டுவிட்டால் ஒரு பருவத்துப் படங்கள் மொத்தமும் தானாக வரிசையில் நடக்கும். வெட்டுவதற்கு முன்னால், சென்டினல் படங்களைப் பதப்படுத்தும் ஸ்னாப் மென்பொருளில் அளவீட்டுத் திருத்தமும் நிலப்பரப்புத் திருத்தமும் செய்துவிடுங்கள். அது இல்லாமல் வெவ்வேறு தேதிப் படங்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஸ்னாப்பையும் டெர்மினலிலிருந்தே ஓட்டலாம்.

வேதாரண்யத்திலிருந்து:

எனக்கு டிமக்ஸ், ஆர்சிங்க் என்ற இரண்டு டெர்மினல் கருவிகள். மழைக்காலத்தில் இங்கே கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். வெளியூர் சர்வரில் டிமக்ஸுக்குள் நிரலை ஓடவிட்டால், இங்கே இணைப்பு அறுந்தாலும் அங்கே வேலை நிற்காது. கோப்புகளை இறக்க ஆர்சிங்க். இதில் ‘பார்ஷியல்’ விருப்பத்தைச் சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பாதியில் நின்ற கோப்பை அழித்துவிடும். 2018-ல் கஜா புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, வெளியூரில் இருந்த பிரதிதான் எங்கள் நிலத்தடி நீர் உப்புத்தன்மைத் தரவைக் காப்பாற்றியது.

திருவாரூர் அண்ணே, ஒரு சந்தேகம். இடையில் சில தேதிகள் விட்டுப்போயிருந்தால் உங்கள் சோதனை தப்பாகக் காட்டாதா?

திருவாரூரிலிருந்து:

காட்டும், தம்பி. அதனால் ‘எம்கேடைம்’ என்ற செயற்கூறு மூலம் தேதியை விநாடிகளாக்கி, முந்தைய வரியோடு ஒரு நாளுக்கு மேல் இடைவெளி இருந்தால் ஒப்பிடாமல் தாண்டச் சொல்லுங்கள். இந்த வசதி ஆக்கின் ஒரு வகையான ஜிஎன்யு ஆக்கில் இருக்கிறது. மேக்கில் வருவது வேறு வகை, அதில் ஜிஎன்யு ஆக்கைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.